குருந்தமும் கொரண்டமும்



ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள் என்று பேச்செடுத்தால் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் உடனே மேடைக்கு வந்துவிடும். அவை போய்ச் சேர்ந்த வழி பெரும்பாலும் நேர்வழி. கடற்கரையிலோ கடைத்தெருவிலோ ஒரு பொருளைக் கண்ட வெள்ளைக்காரர் அதன் பெயரைக் கேட்டார். காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இன்று நான் எடுத்துக்கொண்ட சொல் அவ்வளவு எளிதாகக் கடல் கடக்கவில்லை. கொரண்டம் என்பது அந்தச் சொல். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலருக்கு அது பழக்கமில்லை. நிலவியல் படித்தவர்கள், இரத்தின வியாபாரிகள், உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றும் தொழிலில் இருப்பவர்கள் ஆகியோர்தாம் அதை நாள்தோறும் சொல்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டினால் தமிழ்க் குருந்தமே மூலம் என்றும், மாணிக்கத்தைக் குறிக்கும் வடமொழிக் குருவிந்தம் அதற்கு உறவு என்றும் போட்டிருக்கும்.

அந்த ஒரு வரியோடு நாம் மகிழ்ந்து நின்றுவிடுகிறோம். இன்னொரு தமிழ்ச்சொல் உலகாண்டது என்று பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம். எனக்கு அது போதவில்லை. அந்தச் சொல் எந்த ஊரில், யார் வாயிலிருந்து, எந்த ஆண்டில், எந்த எழுத்துக்கூட்டில் ஐரோப்பியர் ஏட்டில் ஏறியது என்று ஒவ்வொரு சாட்சியாக விசாரித்தால், அகராதி சொல்வதைவிடப் பெரிய செய்தி கிடைக்கிறது. அது ஒரு மொழியின் பெருமையைப் பற்றிய செய்தி அல்ல. கல்லைத் தேய்த்துப் பிழைத்த கைவினைஞர்களின் அறிவைப் பற்றிய செய்தி.

முதலில் கல்லைப் பார்ப்போம். அலுமினியமும் ஆக்சிஜனும் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் சேர்ந்த கனிமம் இது. தூய நிலையில் இதற்கு நிறம் கிடையாது. சிறிதளவு குரோமியம் கலந்து, ஒளி ஊடுருவும் தெளிவோடு சிவந்தால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து கலந்து நீலமானால் நீலக்கல். ஆனால் பூமியிலிருந்து எடுக்கப்படும் குருந்தக்கல்லில் மிகப் பெரும்பகுதி மாணிக்கமும் ஆகாது, நீலமும் ஆகாது. சாம்பலும் பழுப்பும் மங்கிய சிவப்புமாக, ஒளி புகாமல், ஆறுபக்கப் பட்டகமாக நடுவில் சற்றுப் பருத்து, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் முரட்டுக் கல் அது. வெண்கல் என்று நம் ஊரில் சொல்லும் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, குருந்தத்தின் அடர்த்தி ஏறக்குறைய 4. பிரெடெரிக் மோஸ் 1812இல் கனிமங்களைக் கடினத்தன்மையால் வரிசைப்படுத்தியபோது வைரத்துக்கு 10 கொடுத்தார், இதற்கு 9 கொடுத்தார். இயற்கையில் கிடைக்கும் பொருள்களில், வைரத்துக்கு அடுத்த படியில் பல நூற்றாண்டுகளாகத் தொழிலாளி கைக்கு எட்டியது இது ஒன்றுதான்.

அதனால்தான் இந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, அரக்கோடு சேர்த்து உருக்கி, வட்டமாக வார்த்துச் சாணை செய்தார்கள். வாளைத் தீட்டவும், மணியைப் பட்டை தீட்டவும், பளிங்கை மெருகேற்றவும் இந்தியா முழுவதும் இந்தச் சாணையே பயன்பட்டது. வடக்கே இதைக் குரண்ட் என்றார்கள். தெலுங்கில் குருவிந்தம். தமிழில் குருந்தம், குருந்தக்கல்.

இதே பெயர் இன்னொரு பக்கம் அரசர் முடியிலும் இருக்கிறது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் இரத்தினக் கடைவீதியைக் கடக்கும் இடத்தில், மாணிக்கத்தின் நான்கு வகைகள் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று சொல்லப்படுகின்றன. விந்தம் என்பது குருவிந்தம் என்று அடியார்க்குநல்லார் உரை விளக்குகிறது. திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்திலும் குருவிந்தம் மாணிக்க வகைகளுள் ஒன்றாக வருகிறது. வடமொழியில், ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில், பதுமராகம் என்னும் மாணிக்கம் பிறக்கும் மூன்று மூலங்களைச் சொல்கிறார்: சௌகந்திகம், குருவிந்தம், ஸ்படிகம். ஆக, ஒரே பெயர் ஒரு முனையில் மாணிக்கத்தையும் மறுமுனையில் சாணைப் பொடியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

இனிச் சாட்சிகள்.

முதல் சாட்சி ழான் தெவனோ என்ற பிரெஞ்சுப் பயணி. 1666ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோல்கொண்டா அரசில் பயணம் செய்தவர். அந்நாட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெள்ளை எமரி கட்டிகளாகக் கிடைப்பதாகவும், தெலுங்கு மொழியில் அதன் பெயர் கோரிந்த் என்றும் எழுதிவைத்தார். எமரி என்பது கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த தேய்ப்புக்கல். அதிலும் குருந்தமே இரும்புக் கனிமத்தோடு கலந்து கிடக்கிறது. எனவே தெவனோ தமக்குத் தெரிந்த பொருளைத்தான் கண்டார். சரியாகவே அடையாளம் கண்டார். ஆனால் கவனியுங்கள், அவருடைய சாட்சி தமிழுக்கு இல்லை, தெலுங்குக்கு.

இரண்டாம் சாட்சி இன்னும் சுவையானது. ஜான் உட்வர்ட் இலண்டனில் மருத்துவராக இருந்தவர். உலகம் முழுவதிலிருந்தும் கற்களையும் புதைபடிவங்களையும் வரவழைத்துச் சேர்த்தவர். 1728இல் இறக்கும்போது தம் செல்வத்தின் ஒரு பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். ஆண்டுதோறும் சொற்பொழிவு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதிலிருந்து வளர்ந்ததுதான் உட்வர்ட் பெயரால் இன்றும் இருக்கும் நிலவியல் பேராசிரியர் பதவி. அவர் சேர்த்த கற்கள் கேம்பிரிட்ஜின் செட்ஜ்விக் அருங்காட்சியகத்தில் அவருடைய பழைய அலமாரிகளிலேயே இருக்கின்றன. ஓர் அறக்கட்டளையின் பயன் முந்நூறு ஆண்டு நீளும் என்பதற்கு இதைவிட வேறு சான்று இந்த அவைக்குத் தேவையில்லை.

1720களைச் சேர்ந்த அவருடைய கற்பட்டியலில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து, அதாவது நம் சென்னையிலிருந்து, போன இரண்டு கற்கள் பதிவாகியிருக்கின்றன. ஒன்றன் பெயர் நெல்ல கொரிவிந்தம். மற்றதன் பெயர் தெல்ல கொரிவிந்தம். நெல்ல கொரிவிந்தம் நெல் விளையும் வயல்களில் கிடைக்கிறது, வயல் எலிகள் வளை பறிக்கும்போது வெளியே தள்ளிவிடுகின்றன, இரும்பை மெருகேற்றப் பயன்படுகிறது என்று பட்டியல் சொல்கிறது. தெல்ல கொரிவிந்தம் சாம்பல் நிறத்தில் பச்சை ஓடியது, மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகேற்றப் பயன்படுவது என்கிறது.

எனக்கு இந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும். வயலையும் எலி வளையையும் பார்த்த ஒருவர் சொல்லாமல் இந்தச் செய்தி இலண்டன் மருத்துவரின் ஏட்டுக்குப் போயிருக்க முடியாது. கல்லைப் பொறுக்கியவர் குரல் ஏறத்தாழ அப்படியே அதில் இருக்கிறது. குருந்தம் பாறையைவிடக் கடினமானது என்பதால் தாய்ப்பாறை மட்கிக் கரைந்தாலும் இது கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடும். மழைக்குப் பின்னும் உழவுக்குப் பின்னும் எலி பறித்த மண்ணிலும் இது மேலே வந்து கிடப்பது அதனால்தான். நிலவியலார் பின்னாளில் விளக்கிய உண்மையை வயலில் நின்றவர் கண்ணால் கண்டு சொல்லியிருக்கிறார்.

ஆனால் இந்தக் குறிப்பில் தமிழர்களாகிய நாம் வழுக்கி விழ ஓர் இடம் இருக்கிறது. நெல்ல என்பதைப் பார்த்ததும், நெல்வயலில் கிடைப்பதால் நெல்லுக் குருவிந்தம் என்று நமக்குப் பொருள் தோன்றும். குறிப்பிலேயே நெல்வயல் வருவதால் ஆசை இன்னும் கூடும். அது தவறு. பக்கத்தில் தெல்ல நிற்கிறது. தெலுங்கில் நல்ல என்றால் கருப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கருங்குருவிந்தம், வெண்குருவிந்தம் என்று தொழிலாளர்கள் நிறத்தால் பிரித்துச் சொன்ன இணைப்பெயர்கள் இவை. ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்து வேர் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆக, சென்னையிலிருந்தே போன இரண்டாம் சாட்சியும் தெலுங்கு பேசுகிறது.

அப்படியானால் தமிழ் எங்கே? ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய எழுத்துகளைப் பற்றி நூல் எழுதியவர். அந்த அகராதி வடமொழிக் குருவிந்தத்தையும், தெலுங்குக் குருவிந்தத்தையும், தமிழ்க் குருந்தத்தையும் அருகருகே வைத்துவிட்டு, ஆங்கிலச் சொல்லுக்கு நேர் மூலம் தமிழ் வடிவமாகவே இருக்கக்கூடும் என்று சொல்கிறது. இருக்கக்கூடும் என்றுதான் சொல்கிறது. இன்று நாம் அந்த ஐயச் சொல்லைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறோம்.

அவர்கள் முடிவுக்குக் காரணம் சொல்லின் வடிவமாக இருக்கலாம். குருவிந்தத்தில் இருக்கும் வி ஆங்கிலச் சொல்லில் இல்லை. தமிழ்க் குருந்தத்திலும் இல்லை. இது வலுவான வாதமாகவே தோன்றும். ஆனால் தெவனோ கேட்ட கோரிந்த் என்ற வடிவத்திலும் வி இல்லையே! பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கொரிந்தோன் என்கிறார்கள். அந்த இகரம் தெவனோ கேட்ட இகரத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே வி கெட்டதை மட்டும் வைத்துத் தமிழுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. தமிழின் பக்கம் உண்மையாக நிற்பது நடு உயிர். ரு என்ற உகர ஓசையும் அம் என்ற ஈறும் குருந்தத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லிலும் இருக்கின்றன. நம் அம் ஈறு இலத்தீனின் உம் ஈற்றோடு ஓசையில் ஒன்றிப்போனதால், அறிவியல் பெயருக்கு ஏற்ற உருவம் அந்தச் சொல்லுக்குத் தானாகவே அமைந்துவிட்டது. அயர்லாந்துக்காரரான ரிச்சர்ட் கிர்வன் 1794இல் தம் கனிமவியல் நூலில் இன்றுள்ள எழுத்துக்கூட்டில் அதை எழுதினார். அதற்குப் பின் அது மாறவில்லை.

என் தீர்ப்பு இதுதான். ஏட்டில் முதலில் ஏறியது தெலுங்கர் வாய்ச்சொல். நிலைத்த வடிவம் தமிழர் வாய்ச்சொல்லோடு பொருந்துகிறது. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கிய சென்னையிலிருந்து கற்கள் கப்பலேறின. அந்தத் தெருவில் இருந்த சாணைக்காரருக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்கும். சொல்லை இரண்டாக வெட்டிப் பங்கு போடுவதில் எனக்கு விருப்பமில்லை. அதை இரு மொழிக்கும் பொதுவான தொழிற்சொல் என்று ஏற்றுக்கொள்வதே நேர்மை.

குருவிந்தம் என்ற மூலச் சொல்லின் வேரைப் பற்றியும் இங்கே கேட்பார்கள். குரு என்பது நிறத்தைக் குறிக்கும் உரிச்சொல் என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்கிறது. சங்க நூல்களிலும் அந்தப் பொருளில் அது வருகிறது. சிவந்த கல்லுக்கு நிறத்தால் பெயர் வந்தது என்று சொல்ல நமக்கு ஆசைதான். ஆனால் பின்பாதியாகிய விந்தத்துக்குத் தமிழில் விளக்கம் வேண்டும். அரவிந்தம் என்ற தாமரைப் பெயரிலும் அதே பின்பாதி நிற்கிறது. அதற்கும் சேர்த்து ஒரு விடை சொல்லாமல் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது பாதி வேலை. வடமொழியில் குருவிந்தம் கோரைப்புல்லின் பெயராகவும் இருக்கிறது என்பது இன்னொரு முடிச்சு. குருந்த மரத்தையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். திருப்பெருந்துறையில் மணிவாசகர் குருவைக் கண்டது அந்த மரத்தடியில். மரப்பெயர் குருந்து என்றும் நிற்கும். அது காட்டு எலுமிச்சை இனம். குரு, குருந்தம், மாணிக்கம், மாணிக்கவாசகர் என்று ஓசை ஒற்றுமைகளைக் கோத்து உள்ளுறை காண்பது பக்தி உரைக்கு அழகு, சொல்லாராய்ச்சிக்கு ஆகாது.

இனிக் கல்லின் கதைக்கு வருகிறேன். உட்வர்டுக்குப் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஐரோப்பா இந்தப் பெயரை மறந்துவிட்டது. 1767ஐ ஒட்டி எடின்பரோவில் வில்லியம் பெரி என்ற முத்திரைக்கல் செதுக்குபவருக்குச் சென்னையிலிருந்த டாக்டர் ஆண்டர்சன் ஒரு பெட்டி நிறையக் கற்களை அனுப்பினார். வைரம் தவிர மற்ற மணிகளையெல்லாம் தீட்ட இந்தியர்கள் பயன்படுத்துவது இது என்ற செய்தியும் கூடவே போனது. மறை வெப்பத்தைக் கண்டறிந்த அதே ஜோசப் பிளாக் அந்தக் கற்களைப் பார்த்து, ஐரோப்பாவில் அறியப்பட்ட எந்தக் கல்லோடும் இது சேரவில்லை என்று உறுதி செய்தார். வைரத்தை நெருங்கும் கடினம் கருதி அதற்கு வைரப்படிகம் என்ற பொருள்படும் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரோடு போன கல்லுக்குப் பெயர் தொலைந்து, புதுப்பெயர் வந்தது.

பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் அதைப் பகுத்துப் பார்த்தார். யுரேனியத்தைக் கண்டறிந்த மேதை அவர். அவரே முதலில் ஏமாந்து, இதில் இதுவரை அறியாத புது மண் ஒன்று இருக்கிறது என்று அறிவித்தார். பிறகு மீண்டும் சோதித்து, தம் அறிவிப்பைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டு, இது ஏறத்தாழ முழுவதும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினாதான் என்றார். நீலக்கல்லைப் பகுத்தபோதும் அதே அலுமினாதான் கிடைத்தது. சாணைக்கல்லும் அரச மணியும் ஒரே பொருள் என்ற விடை அப்போதே மேசைமேல் வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளத்தான் ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் சார்லஸ் கிரெவில். பெரும் கனிமச் சேகரிப்பாளர். ஆசியக் கொரண்டக்கல்லைப் பற்றி 1798இல் இராயல் சொசைட்டிக்கு அவர் அளித்த கட்டுரை, இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் நிலைநாட்டியது. வைரப்படிகம் என்ற ஒப்பனைப் பெயரை விட்டுவிட்டு, கல் பிறந்த நாட்டில் அதற்கு வழங்கும் பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். உட்வர்டின் மறந்துபோன பட்டியலைத் தேடி எடுத்து எலி வளைக் குறிப்பை மீண்டும் அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய சேகரிப்பை ஒழுங்குபடுத்தியவர் பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டை விட்டு வந்த கவுண்ட் தெ பூர்னோன். அவர் படிகங்களின் கோணங்களை அளந்து, கீழைநாட்டு மாணிக்கமும் நீலமும் இந்த முரட்டுக் கல்லின் வகைகளே என்று 1802இல் அதே சங்கத்தின் இதழில் வாதிட்டார். பாரிஸில் அபே ஹாய், படிகவியலின் தந்தை என்று போற்றப்படுபவர், 1801இல் வெளியிட்ட தம் பெருநூலில் மணிகளைத் தெலெஸி என்ற கிரேக்கப் பெயரிலும் முரட்டுக் கல்லைக் கொரிந்தோன் என்ற பெயரிலும் தனித்தனியே வைத்திருந்தார். 1805இல் இரண்டையும் ஒன்றாக்கினார். ஒன்றாக்கும்போது எந்தப் பெயர் நிற்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. தெலெஸி போயிற்று, கொரிந்தோன் நின்றது. அன்றிலிருந்து பர்மாவின் புறாரத்தச் சிவப்பு மாணிக்கமானாலும் இலங்கை இரத்தினபுரியின் நீலமானாலும், அறிவியல் ஏட்டில் அவற்றின் குலப்பெயர் வயலில் எலி தள்ளிய கல்லின் பெயர்தான்.

இப்போது முன்பு சொன்ன இடத்துக்குத் திரும்புவோம். மாணிக்கத்துக்கும் சாணைக்கல்லுக்கும் ஒரே பெயர் இங்கே ஏற்கெனவே இருந்தது. ஐரோப்பா அந்தப் பெயரில் சாணைக்கல்லை மட்டும் எடுத்துப்போய், பிறகு நிறுவையும் அமிலமும் கோணமானியும் கொண்டு மாணிக்கத்தை அதனுள் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே நம் முன்னோர் நவீன வேதியியலை அன்றே அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அவர்களுக்கும் மரியாதை அல்ல, வேதியியலுக்கும் மரியாதை அல்ல. அவர்கள் அறிந்தது வேறு வகை. சேலத்திலும் மைசூர்ப் பகுதியிலும் கிடைக்கும் குருந்தம் பெரும்பாலும் மங்கிய சிவப்பு. ஒரே குழியில் ஓரம் ஒளிரும் கல்லும், கலங்கிய கல்லும், ஒளியே புகாத கல்லும் கலந்து வரும். தெளிந்தது மணிக்காரருக்கு, கலங்கியது சாணைக்காரருக்கு என்று பிரித்தவர்களுக்கு, இரண்டும் எங்கே ஒன்றாக இருந்தன என்பது தெரியும். பெயர் ஒன்றாக இருந்ததற்கு என் விளக்கம் இதுவே. மாணிக்க வகைகளுள் குருவிந்தத்தைத் தாழ்ந்ததாகச் சில இரத்தின நூல்கள் வைப்பதும் இதனோடு பொருந்துகிறது.

இதிலும் ஒரு குறை இருந்தது. நம் மரபு நீலக்கல்லை இந்தப் பெயருக்குள் கொண்டுவரவில்லை. அரபு, பாரசீக அறிஞர்கள் அதைச் செய்தார்கள். அல்-பிரூனி போன்றவர்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையும் யாகூத் என்ற ஒரே இனத்தில் வைத்து, நிறையையும் கடினத்தையும் ஒப்பிட்டார்கள். ஆனால் தேய்ப்புக்கல்லை அவர்கள் சும்பாதஜ் என்று வேறாக வைத்தார்கள். நிறங்களைக் கடந்து மணிகளை ஒன்றாகப் பார்த்தவர்கள் அவர்கள். மணியையும் பொடியையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் இங்கிருந்தவர்கள். 1805இல் பாரிஸில் இரண்டு பார்வைகளும் ஒரு வரையறைக்குள் வந்தன. இந்த மூன்று மரபுகளில் எதையும் குறைத்துச் சொல்லாமல் வரலாறு எழுத முடியும் என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதுமான இடம் தருகிறது.

கல் கிடைத்த இடங்களையும் சொல்லியாக வேண்டும். பழைய சேலம் மாவட்டத்தில் பரமத்தி, திருச்செங்கோடு வட்டாரங்களே குருந்தத்துக்குப் பெயர்பெற்றவை. இன்று அவை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்குள்ள சித்தம்பூண்டிப் பாறைத்தொகுதி உலக நிலவியலாருக்குத் தெரிந்த பெயர். காங்கயம் அருகே சிவன்மலையில் முருகன் கோயில் கொண்ட குன்றைச் சுற்றியுள்ள பாறைகளிலும் குருந்தம் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் டி. எச். ஹாலண்ட் அந்தப் பாறைகளைப் பற்றித் தனி நூலாகவே 1901இல் எழுதினார். அங்கிருந்து தொலைவில்லாத கொடுமணலில் பேராசிரியர் கா. ராஜன் முதலியோர் நடத்திய அகழாய்வுகளில் நீலக்கல்லும் பச்சைக்கல்லும் பளிங்கும் மூலக்கல்லாகவும் பாதி வேலை முடிந்த மணிகளாகவும் கிடைத்தன. பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் பெயர் சொல்லும் கொடுமணம் அதுவே என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மணி செய்த ஊருக்கு அருகிலேயே, மணியைத் தீட்டும் கடினக்கல்லும் விளைந்தது.

சொல்லின் பயணம் ஐரோப்பாவோடு முடியவில்லை. 1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது மின்னும் கடினப் படிகங்கள் கிடைத்தன. கரியும் குருந்தமும் கூடிய பொருள் என்று கருதி, கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்துக் கார்பொரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிகான் கார்பைடு. குருந்தத்துக்கும் அதற்கும் உறவில்லை. பொருள் தவறானாலும் பெயர் நிலைத்தது. அந்தப் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1954இல் முருகப்பா குழுமத்தின் கூட்டில் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் ஆலை தொடங்கியது. பட்டறையில் கார்பொரண்டம் கல் கேட்கும் நம் தொழிலாளி, தம் பாட்டன் சொன்ன சொல்லையே அமெரிக்கா சுற்றி வந்த உருவில் சொல்கிறார்.

செயற்கைக் கல்லின் கதை தனி. அகஸ்த் வெர்னூய் 1902இல் தீச்சுடரில் மாணிக்கத்தை உருக்கி வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் கைக்கடிகாரச் சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல, அந்தச் செயற்கை மாணிக்கமே தாங்கியாயிற்று. நம் வீட்டுப் பழைய கடிகாரங்களின் முகப்பில் 17 ஜூவல்ஸ் என்று அச்சிட்டிருந்தது அதைத்தான். 1960 மே 16 அன்று தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரச் செய்தது, செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தமிழிலேயே இந்தக் கல்லைக் கொரண்டம் என்று எழுதும் வழக்கம் புகுந்திருக்கிறது. குருந்தம் என்று எழுதுங்கள். அது போதாது. இந்தச் சொல் உலக ஏட்டில் ஏறியது எந்தப் புலவராலும் அல்ல. வயலில் நின்ற ஒருவரிடமும் சாணை முன் உட்கார்ந்த ஒருவரிடமும் பெயர் என்ன, எங்கே கிடைக்கும், எதற்குப் பயன்படும் என்று யாரோ கேட்டு எழுதிக்கொண்டதால். அந்த வேலையை நாம் நம் தொழில்களுக்குச் செய்யவில்லை. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தெருவில் சாணை பிடிப்பவர்கள் அருகிவருகிறார்கள். பரமத்திப் பக்கம் குருந்தம் பொறுக்கிய தலைமுறையில் முதியவர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்கள் கல்லுக்கும் கருவிக்கும் பொடியின் பருமனுக்கும் மெருகின் நிலைகளுக்கும் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். சொன்னவரின் ஊரையும் கேட்ட தேதியையும் சேர்த்து எழுதுங்கள், ஒலிப்பதிவும் செய்யுங்கள். எழுதியதை உங்கள் துறை நூலகத்தில் ஒரு படி வையுங்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து வந்தால் கலந்தபடியே எழுதுங்கள். இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அடுத்த ஆண்டு வருபவர் அந்த ஏட்டை மேடையில் எடுத்துக்காட்டிப் பேசும்படி செய்யுங்கள்.